மெதுவா அண்ணனைப் பற்றி இரண்டு வாக்கியங்கள்

மெதுவா அண்ணனைப் பற்றி நான் ஆங்கிலத்தில் எழுதியது மொத்தமே இரண்டு வாக்கியங்கள். முதல் வாக்கியத்துக்குக் கைதட்டல் கிடைத்தது. அந்தக் கைதட்டலை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதனால் அவரைப் பற்றித் தமிழில் ஒருமுறை முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் பாவம் தீரும் என்றெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை நான்.

முதியோர் இல்லத்தில் தரை துடைக்கிற வேலை அவருக்கு. பதினோரு வருஷம். பதிவேட்டில் ஒரு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எதிரே யார் வந்தாலும் "மெதுவா, மெதுவா" என்பார். அதுவே பெயராகிவிட்டது. இங்கே வருவதற்கு முன்னால் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவர். இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து, இடது கால் அரை அங்குலம் குட்டையாகிவிட்டது. இனி சாரம் ஏற முடியாது என்று டாக்டர் சொன்ன வாரமே இங்கே வந்து துடைப்பத்தைப் பிடித்துவிட்டார். விழுவது என்றால் என்ன என்று தெரிந்த மனிதர். அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்தாலே அது புரியும்.

அவருக்கு இரண்டு வாளி வேண்டும், ஒன்றில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் நல்ல தண்ணீர். நடைபாதையை நீளவாக்கில் பாதிதான் துடைப்பார். மற்ற பாதி நடப்பதற்குக் காய்ந்தே இருக்கும். துடைத்ததன் மேல் காய்ந்த துணியை ஒரு இழுப்பு. 'தரை ஈரம்' என்று எழுதிய மஞ்சள் போர்டு ஒன்று கொடுத்தார்கள். "விழுந்தா போர்டு வந்து கையைப் பிடிக்குமா?" என்று அதை மூலையில் சாத்திவிட்டு, தரை காயும் வரைக்கும் தானே அங்கே நின்றுகொள்வார். ஆறாம் அறையில் ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் ஒருவர் இருந்தார். நடப்பதற்கு அலுமினிய வாக்கர், ஆனால் புத்தி மட்டும் ஓட்டப் பந்தயத்தில். அவர் வேகமாக வந்தால் மெதுவா அண்ணன் குறுக்கே நின்று, "சார், தந்தி ஏதும் வந்துச்சா? இந்த ஓட்டம் ஓடுறீங்க?" என்பார். போஸ்ட் மாஸ்டர் திட்டிக்கொண்டே அவர் கையைப் பிடித்துக்கொள்வார்.

நான் அங்கே பகல் ஷிப்டு உதவியாளர். நர்ஸ் படிப்பு கிடையாது. ஆனாலும் எல்லாருக்கும் நான் சிஸ்டர். ஒவ்வொருவரைப் பற்றியும் தினமும் ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை எழுத வேண்டும், வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காக. நான் எழுதுவது இப்படி இருக்கும்: அவர் சாப்பிட்டார். அவர் குளித்தார். அவர் தூங்கினார். பன்னிரண்டாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தவறியவளுக்கு இதுவே பெரிசு. போஸ்ட் மாஸ்டரின் மகன் ஒருநாள் கோபமாக மெயில் போட்டார்: எங்கள் அப்பாவைப் பற்றி எழுதுகிறீர்களா, மளிகை லிஸ்ட் எழுதுகிறீர்களா?

அதற்குப் பிறகுதான் இல்லத்தின் மேலாளர் மேடம் புதன்கிழமை தோறும் அரை மணி நேரம் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார். சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மூன்று வகை வாக்கியங்களையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார். கீழே வாக்கியங்களை இணைக்கிற சொற்கள்: பிகாஸ், ஆல்தோ, வென், பிஃபோர், ஹூ. "ஒரே மாதிரி எழுதினா படிக்கிறவங்களுக்குக் கொட்டாவி வரும். துணை வாக்கியத்தை ஒரு தரம் முன்னால போடு, ஒரு தரம் நடுவுல போடு, மாத்தி மாத்தி எழுது" என்றார். என் நோட்டை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "பாருங்க, இருபது வாக்கியம், இருபதும் 'ஹீ'லயே ஆரம்பிக்குது. ஸ்கூல் பிள்ளைகூட இப்படி எழுதாது" என்றார். சமையல்காரம்மா வரைக்கும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

ரோஷம் வந்துவிட்டது எனக்கு. பஸ்ஸில் எழுதிப் பார்த்தேன், சாப்பாட்டு நேரத்தில் எழுதிப் பார்த்தேன். பசி இல்லாவிட்டாலும் அவர் பாதி சாப்பிட்டார். மகன் போனில் பேசியபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அவர், சிரித்தார். தனித்தனியாகக் கிடந்த துணிகளை ஒரே கொடியில் காயப்போட்டது மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன், அந்தச் சந்தோஷம் உண்மையானது. மேடம் என் நோட்டில் முதன்முதலாக 'நன்று' என்று போட்ட நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அது ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு மணி. மறுநாள் வகுப்பு. மத்தியான அறிக்கையை இரண்டாம் தடவை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு 'ஆல்தோ' சரியாக உட்காரவில்லை. ஆறாம் அறை மணி அடித்தது. இந்த ஒரு வரியை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். மறுபடியும் அடித்தது. "வர்றேன் சார்!" என்று குரல் கொடுத்தேன், எழுந்திருக்கவில்லை. அப்புறம் மணி அடிக்கவில்லை. தடால் என்று சத்தம்தான் வந்தது.

நடைபாதையில் போஸ்ட் மாஸ்டர் கிடந்தார். வாக்கர் தலைகீழாகக் கிடந்தது. ஓடிப்போய் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். என் துணியில் ஈரம் படவில்லை. இதை நான் மறந்துவிட்டேன் என்று ஒருநாளும் சொல்ல முடியாது. நடைபாதையின் அந்தக் கோடியில், குளியலறை வாசலில் வாளியோடு நின்றிருந்த மெதுவா அண்ணன் காலை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். கிழவரின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல சார், ஒண்ணும் இல்ல. மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இடுப்பு எலும்பு முறிவு. ஆம்புலன்ஸ் போனதும் மேடம் ஒரு தாளை என் முன் வைத்தார். "எப்படி விழுந்தார்னு தெளிவா எழுது. பையன் படிப்பார்."

காரணம் எழுதாமல் அந்தத் தாளை முடிக்க முடியாது. உண்மையான காரணம் என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் அந்த வாளி தெரிந்தது. எழுதிவிட்டேன். 'துப்புரவாளர் தரையை ஈரமாக விட்டுப் போயிருந்ததால், சாப்பாட்டுக் கூடத்தை நோக்கி மெல்ல நடந்துகொண்டிருந்த அவர், யாரும் எட்டிப் பிடிப்பதற்கு முன்பே வழுக்கி விழுந்தார்.' ஒரு பிகாஸ், ஒரு ஹூ, ஒரு பிஃபோர். மூன்றில் இரண்டு பொய். மேடம் சொல்லிக்கொடுத்ததால் வந்த வினை என்று பழியை அங்கே தள்ளலாம், மனசு கேட்கவில்லை. மேடம் யாரையும் பொய் எழுதச் சொல்லவில்லை. நான் என் தோலைக் காப்பாற்றிக்கொண்டேன், அவ்வளவுதான். மிஞ்சிப்போனால் அண்ணனுக்கு ஒரு திட்டு விழும் என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வகுப்பில் மேடம் அந்த வாக்கியத்தை உரக்கப் படித்தார். "மூணு துணை வாக்கியம், ஒரு இடத்துலயும் தடுக்கல. கத்துக்கோங்க!" எல்லாரும் கைதட்டினார்கள். வாளி எடுக்க வந்து கதவோரம் நின்ற மெதுவா அண்ணனுக்கு ஆங்கிலம் ஒரு எழுத்து தெரியாது. எல்லாரும் தட்டுகிறார்களே என்று அவரும் தட்டினார். "சிஸ்டருக்குப் பரிசா? நல்லா இரும்மா" என்றார்.

வெள்ளிக்கிழமை அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போஸ்ட் மாஸ்டரின் மகன் அறிக்கையைப் படித்துவிட்டுக் குதித்தாராம். வேலைநீக்கக் கடிதத்தோடு என் வாக்கியத்தின் நகலையும் இணைத்திருந்தார்கள், எழுதியவர் பெயர் இல்லாமல். அண்ணன் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன், அவர் முகத்தில் முழிக்கப் பயந்து.

ஐந்து வாரம் போனது. போஸ்ட் மாஸ்டருக்கு மாற்றுத் துணி கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டிலருகே உட்கார்ந்து மெதுவா அண்ணன் அவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். தினமும் வருகிறாராம். கிழவருக்கு விழுந்த நாளே ஞாபகம் இல்லை.

வெளியே வந்ததும் அண்ணன் சொன்னார்: "எங்க தண்ணி சிந்தினேன்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன் சிஸ்டர். அந்தப் பக்கம் நான் துடைச்ச மாதிரியே ஞாபகம் இல்ல. ஆனா லெட்டர்ல அவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. மருந்துக் கடைக்காரர்கிட்ட காட்டினேன், நல்லா படிச்சவங்க எழுதினது, இப்படி எழுதுறவங்க சும்மா எழுத மாட்டாங்கன்னு சொல்லிட்டாரு. விழுந்தா எப்படி வலிக்கும்னு தெரிஞ்சவன் நான். நானே ஒரு மனுஷனை விழ வச்சுட்டேனே."

வேலையை எடுத்தது போதாதென்று அந்த மனிதரிடமிருந்து அவர் ஞாபகத்தையும் எடுத்துவிட்டேன். என் எழுத்தை நம்பி, தன் கண்ணை நம்பாமல் நின்றார். "பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே" என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். அந்த ஒரு நாளுக்காகவும் தனியாக வெட்கப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அவர் மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"அண்ணே, அன்னைக்குத் தரை காய்ஞ்சுதான் இருந்துச்சு. தண்ணியே இல்ல. அப்படி எழுதினது நான்தான். அவர் ரெண்டு தரம் மணி அடிச்சாரு. நான் எழுந்து போகல."

தையல் மெஷின் நின்றது.

"இரு, இரு. மெதுவா சொல்லு" என்றார் அண்ணன். "தண்ணி இல்லையா?"

"இல்லண்ணே."

"நல்லா பாத்தியா?"

"முழங்கால் போட்டு உக்காந்தேண்ணே. ஒரு பொட்டு ஈரம் இல்ல."

"அப்போ நான் இல்லையா?"

"நீங்க இல்ல."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "ஏய், கேட்டியா? நான் இல்லையாம்!" என்று சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக்கூட இல்லை. அடி வாங்கத் தயாராகப் போயிருந்தேன், காறித் துப்பினால் வாங்கிக்கொள்ளவும் தயார். சந்தோஷப்படுவார் என்று நினைக்கவே இல்லை. அந்த இடத்தில் நான் கூனிக் குறுகி நின்றேன்.

"நீங்க சிரிங்க. எனக்குச் சிரிப்பு வரல" என்றார் அண்ணி. "அஞ்சு வாரமா வச்ச சோத்தைப் பாதியில விட்டுட்டு எழுந்து போற மனுஷன்." அளவு எழுதுகிற நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மெஷின் மேல் வைத்தார். "எழுது. இங்கயே எழுது. ஒவ்வொரு வரியா எனக்குத் தமிழ்ல சொல்லிச் சொல்லி எழுது."

எழுதினேன். மணி அடித்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன். மணி மறுபடி அடித்தது. நான் போகவில்லை. அவர் தனியாக நடந்தார். அவர் விழுந்தார். தரை காய்ந்திருந்தது. நான் பொய் எழுதினேன்.

"இதுல இவர் எங்க?" என்றார் அண்ணி.

"அவருக்கு இதுல சம்பந்தமே இல்ல அண்ணி. அதான் எழுதல."

"முன்னாடி எழுதினப்போ மட்டும் சம்பந்தம் இருந்துச்சோ? எழுது."

துப்புரவாளர் மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதினேன். அவரைப் பற்றி நான் எழுதிய இரண்டாவது வாக்கியம் அது.

"அது இங்கிலீஷ்ல எப்படிம்மா வரும்? படி, கேப்போம்" என்றார் அண்ணன். படித்தேன். திருப்பிச் சொல்லிப் பார்த்தார், நாக்கு புரளவில்லை. "இன்னொரு தரம் சொல்லு. மருந்துக் கடைக்காரர்கிட்ட நானே சொல்லணும்." சொன்னேன். மூன்றாம் தடவையும் சொன்னேன்.

அண்ணி தாளை மடித்தார். என்னிடம் கொடுக்கவில்லை. "நாளைக்கு எத்தனை மணிக்கு உங்க மேடம் வருவாங்க?"

"ஒன்பது மணிக்கு. நானே கொடுத்துடறேன் அண்ணி."

"நானும் வர்றேன்" என்றார்.

மறுநாள் எட்டரைக்கு நான் போனபோது, தாளைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி இல்லத்தின் கேட்டருகே நின்றிருந்தார்.