நான் சாத்திய ஜன்னல்

ஏற்காட்டில் நான் மேனேஜராக இருக்கும் ஓட்டலில் போன வருடம் சாவிகளை ஒழித்துவிட்டு கார்டுப் பூட்டு வைத்தோம். யாருடைய கார்டு எந்த அறையை எத்தனை மணிக்குத் திறந்தது என்று கம்ப்யூட்டரில் உடனே பதிவாகிவிடும். "அவங்கவங்க கார்டு அவங்கவங்க கையில. தொந்தரவு செய்யாதீங்கன்னு போர்டு தொங்குனா உள்ள காலே வெக்கக்கூடாது" என்று எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து முழங்கியவன் நான்தான். பெரிய இவன்!

மழைக்காலத்தில் ஒருநாள் காலை தோட்டத்திலிருந்து பார்த்தேன். மாடி ஜன்னல்கள் திறந்து கிடந்தன, சன்ஷேடில் நாலைந்து குரங்குகள். என் கார்டு ஆபீஸில் இருந்தது. நாகலூரிலிருந்து பஸ்ஸில் வந்து அறைகளைச் சுத்தம் செய்யும் அக்கா மாடியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கார்டை வாங்கி, நாலு அறைகளிலும் ஓடி ஓடி ஜன்னலைச் சாத்தினேன். ஓர் அறையில் சாரலில் நனையவிருந்த டைரியை மேசைக்கு மாற்றினேன். கதவில் போர்டு இருந்ததா என்று பார்க்கவேயில்லை. கார்டைத் திருப்பிக் கொடுத்தேன், அதோடு மறந்தும் போனேன்.

சாயங்காலம் அந்த அறையில் தனியாகத் தங்கியிருந்த இளம்பெண் ரிசப்ஷனுக்கு வந்தார். "போர்டு மாட்டிட்டுத்தான் போனேன். யாரோ உள்ள வந்திருக்காங்க."

கம்ப்யூட்டரைத் தட்டினேன். அக்காவின் பெயர் வந்தது. கண்டுபிடித்துவிட்டேனாம், எனக்கு ஒரே பெருமை! அக்காவை வரவழைத்து, அந்தப் பெண்ணின் முன்னாலேயே கத்தினேன்.

"நானு அந்த ரூமுக்குப் போகவே இல்லீங்க சார்."

"அப்போ மிஷின் பொய் சொல்லுதா?"

"ஜன்னலைச் சாத்தியிருக்காங்க. என் டைரியத் தொட்டிருக்காங்க. இவங்க இருக்கற இடத்துல நான் இருக்க மாட்டேன்" என்றார் அந்தப் பெண்.

காலையில் அக்காவின் கார்டை வாங்கிக்கொண்டு ஓடியது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? அக்கா என்னையே பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம் கைகூப்பி, "தெரியாம நடந்துபோச்சு கண்ணு, மன்னிச்சுக்குங்க" என்றார். நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று நான் சொன்னேன். சொன்னேனே, பாவி!

அந்தப் பெண் ஊருக்குப் போன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நாகலூருக்குப் போனேன். அக்கா எஸ்டேட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"நான்தான் போனேன்க்கா. மறந்துட்டேன்" என்றேன்.

"எனக்கு மறக்கலீங்க சார். அந்தப் புள்ள முன்னால நானு சொன்னா உங்களுக்கு நொம்பக் கேவலமாப் போயிருமேன்னு இருந்துட்டேன். நீங்களே சொல்லுவீங்கன்னு உங்க மூஞ்சியப் பாத்துட்டே நின்னேனுங்க."

தலை குனிந்தபடி, வேலைக்குத் திரும்பி வரச் சொல்லிக் கேட்டேன்.

"ஏனுங்க சார், உள்ள போனது ஆருன்னு அந்தப் புள்ளைக்குச் சொல்லிப்போட்டீங்களா?"

அந்தப் பெண்ணின் போன் நம்பர் கம்ப்யூட்டரிலேயே இருந்தது. நான் சொல்லியிருக்கவில்லை. அக்கா குனிந்து மறுபடி களை வெட்ட ஆரம்பித்தார்.