கால் வைக்கும் தகட்டில் பூசிய பசை

அப்பா, கடலோடு கலக்கும் வாவியில் பிடிபடும் மீனை ஆட்டோவில் சந்தைக்குக் கொண்டுபோவார். பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீரால் பின்பக்கத் தரைத் தகடு துருப்பிடித்து ஓட்டையானது.

"நீதானே மனே படிச்சவன். இதில என்ன எழுதிக் கிடக்கு?" என்று, ஓட்டையை அடைக்க வாங்கிய எபொக்சி பசை டின்னை நீட்டினார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிப்பவன் நான் மட்டும்தான். பாதி விளங்கவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "இரும்புக்கு நல்லதாம், அப்படியே பூசலாம்" என்றேன். துருவின் மேலேயே பூசி, பெயின்டும் அடித்தோம். பார்க்கப் புதிதுபோல இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, அம்மாவை அதே ஆட்டோவில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். கல்லடிப் பாலத்தில் அம்மாவின் கால் தகட்டை உடைத்துக்கொண்டு கீழே போனது. "ஐயோ, என்ட கால்!" என்ற சத்தத்தில் அப்பா பிரேக் அடித்தார். நல்லகாலம், கணுக்காலில் கீறல் மட்டும்தான். செருப்பு பின்னால் ரோட்டில் கிடந்தது.

"கடைக்காரன் கள்ள டின்னைத் தந்திட்டான்," என்றார் அப்பா. என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இல்லப்பா, நான்தான் ஒழுங்கா வாசிக்கல்ல."

துருவை இரும்பு மின்னும்வரை சுரண்டிய பிறகே பசை பூச வேண்டும், அதன்மேல் துருத்தடுப்புப் பூச்சு அடிக்க வேண்டும் என்று டிங்கரிங் கடையில் சொன்னார்கள். கால் வைக்கும் இடத்துக்குப் பசையே கூடாதாம். புதுத் தகடு வெல்டிங் செய்தோம்.

இப்போதும் அப்பா என்னிடம்தான் டின்களை நீட்டுகிறார். விளங்காத ஒரு சொல் இருந்தாலும், "தெரியாதப்பா, கேட்டுட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போகிறேன்.