பனி என்கிறார்கள்

என் கணவருக்கு மூச்சு முட்டுவது விடியற்காலையில். அது எதனால் என்று விசாரிக்க வந்தவர் வந்ததோ உச்சி வெயிலில். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அரிமளத்துக்குப் பக்கத்தில், கண்மாய்க் கரையை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது எங்கள் தெரு. கரைக்கு அந்தப் பக்கம் கரிமூட்டம். சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் குவியலாக அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைத்துவிட்டால் நாள்கணக்கில் புகைந்து புகைந்து கரியாகும். அதை நடத்துபவர் என் கணவரின் பெரியப்பா மகன். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவர் வீடு மேட்டுத்தெருவில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால். அந்த உயரத்துக்குப் புகை போவதில்லை. போயிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மூட்டத்துக்குத் தீ வைப்பது எப்போதும் சாயங்காலம், காற்று அடங்கிய பிறகு. காற்று இருக்கும்போது வைத்தால் மண் வெடித்து, உள்ளே தீ பிடித்து எல்லாம் சாம்பலாகிவிடும். தொழிலுக்கு அது சரி. ஆனால் அவர்கள் காத்திருந்து தீ வைக்கிற அந்த நேரம்தான் எங்கள் தெருவுக்கு ஆகவே ஆகாத நேரம்.

நான் அரசுப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவள். பகலில் வெயில் தரையைச் சுடவைக்கிறது, தரை தன்னைத் தொட்ட காற்றைச் சுடவைக்கிறது, சூடான காற்று மேலே கிளம்புகிறது. உலை கொதிப்பது மாதிரி நாளெல்லாம் இந்தப் புரட்டல் நடப்பதால் பகல் புகை உயரே போய்க் கரைந்துவிடுகிறது. பொழுது சாய்ந்தால் முதலில் குளிர்வது தரை. அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்து, அங்கேயே படுத்துக்கொள்கிறது. மேலே இருப்பது இன்னும் வெதுவெதுப்பான காற்று. கீழே இருப்பதை எழும்ப விடாமல் மூடி போட்டுவிடுகிறது. மேலே போகப் போகக் குளிரும் என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள் நான்தான். எங்கள் பள்ளத்தில் விடியற்காலையில் அது அப்படியே தலைகீழ். ராத்திரி முழுக்கக் கக்கிய புகை வெயில் ஏறும்வரை தெருவிலேயே கிடக்கிறது.

அதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர் பனி. மார்கழி, தை வந்தால் ஆண்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு பால் வாங்கப் போவார்கள். காது பத்திரம், மூக்கும் வாயும் திறந்தே இருக்கும். துண்டை அவிழ்த்து உதறினால் கரி வாடை அடிக்கும். பனியில் கரி வாடை எப்படி வரும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. என் கணவர் இருமினால், "பனி ஒத்துக்கலத்தா, சுக்கு காப்பி போட்டுக் குடு" என்பார்கள். இன்ஹேலரை வாயில் வைத்துக்கொண்டு நெஞ்சுக்கூடு ஏறி இறங்க உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்குச் சுக்கு காப்பி. கூடவே, "ரூமைப் பூட்டிக்கிட்டுப் படுக்காதீங்க, ராத்திரிக் காத்துதான் நல்ல காத்து" என்றொரு வைத்தியம். சொன்னவர்கள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை வாயில் வைத்தே மென்று தின்றேன்.

கடைசியில் நானே மாசுக் கட்டுப்பாட்டு ஆபீசுக்குப் புகார் எழுதினேன். ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். பளீரென்ற வெயில். மூட்டத்துப் புகை நூல் பிடித்த மாதிரி மேலே ஏறி, காணாமல் போய்க்கொண்டிருந்தது. பெரியத்தான் இளநீர் சீவிக் கொடுத்தார்.

"பொகதான் மேல போயிருதேம்மா" என்றார் அதிகாரி.

"காலையில வெயிலுக்கு முன்னாடி வந்து பாருங்க சார்."

"அந்நேரத்துக்கு எங்களுக்கு டூட்டி இல்லம்மா" என்று சிரித்தார். சிரிக்கிற விஷயமா இது? போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். எதிர்வீடு தெரியாத அளவுக்கு வெள்ளையாக மூடியிருந்தது. உற்றுப் பார்த்துவிட்டு, "பனி மாதிரில்ல இருக்கு" என்றார். பெரியத்தான் இளநீர்க் கூட்டைக் கீழே வைத்துவிட்டு, "பனிதான் சார்" என்றார்.

அதிகாரி கொஞ்சம் நல்லவர்தான் போல. உடம்புக்கு முடியாதவரையே கேட்டுவிடலாம் என்று எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மூட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி எழுதிவிடுவதாகச் சொன்னார். என் கணவர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். அதிகாரியைப் பார்க்கவில்லை, பின்னால் நின்ற தன் அண்ணனைப் பார்த்தார்.

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே பனி ஒத்துக்காது சார்."

ஜீப் போன பிறகு கேட்டேன், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று. "விடு. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா அவருதான் முன்ன நிக்கணும்" என்றார். கரி போட்ட பெரியத்தான்மேலும், வெயிலில் வந்த அதிகாரிமேலும் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் இவர்மேல் திரும்பியது. அன்றைக்கு நான் அவருக்குச் சோறு போட்டேன், பேசவில்லை.

அடுத்த நாள் விடியலில் அவருக்கு முன்னெப்போதையும்விட மோசம். இன்ஹேலருக்கும் மூச்சு அடங்கவில்லை. ஆட்டோக்காரனுக்குப் போன் போட்டால், எதிரே ஒன்றும் தெரியவில்லை, கொஞ்சம் வெளுக்கட்டும் என்றான். ஆத்திரத்தில் எனக்கு எங்கிருந்து பலம் வந்ததோ, அவர் கையை என் தோளில் போட்டு, படிப்படியாக இழுத்துக்கொண்டு மாடியைத் தாண்டி மொட்டைமாடிக்கு ஏற்றினேன். அங்கே குளிர்கூட அவ்வளவு இல்லை. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தேன். மெதுமெதுவாக மூச்சு நேரானது.

வானத்தில் நட்சத்திரம்கூட இன்னும் தெரிந்தது. கீழேதான் தெரு இல்லை. கண்மாய்க் கரையிலிருந்து எங்கள் வீடுவரை மட்டமாக ஒரு சாம்பல் நிறப் பரப்பு. அதற்கு மேலே வேப்பமரத் தலைகளும் கரண்டுக் கம்பங்களும் மட்டும். அதன் ஒரு ஓரத்தில், மூட்டம் இருக்கிற இடத்திலிருந்து, புதுப்புகை சாய்ந்து வந்து அதோடு சேர்ந்துகொண்டிருந்தது. அவர் நெடுநேரம் அதையே பார்த்தார்.

"இது பனி இல்ல" என்றார்.

"இத அந்த சார்கிட்டச் சொல்லுங்க. இப்பவே போன் போட்டுத் தாரேன்."

"சொல்றேன். நம்ம பாப்பா கல்யாணம் முடியட்டும்."

எங்கள் மகள் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள்.