புளி ஏற்ற வந்த மாமன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் விடுதியில் தங்கிப் படித்தேன். எழுபதுகளின் கடைசி என்று நினைக்கிறேன். பள்ளி ஆண்டு விழாவில் ஓட்டப்பந்தயப் பரிசு எனக்குத்தான். எங்கள் பக்கம் எந்த நல்லதுக்கும் தாய்மாமன் துண்டு போட வேண்டும். பரிசு வாங்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். என் அம்மாவுக்கு அண்ணன் தம்பி இல்லை. அவளும் அப்பாவும் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார்கள்.

எவர்சில்வர் தட்டோடு மேடையில் நின்றேன்.

"இந்தப் பொண்ணோட மாமன் வாங்க!" என்றார் வாத்தியார்.

யாரும் எழவில்லை.

"அதுக்கு மாமனே இல்ல சார்!" என்று ஒருத்தி கத்த, எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வேலி ஓரம் ஜீப்பில் புளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த வாணியம்பாடி பாய் ஒருவர் நேராக மேடைக்கு வந்தார்.

"இன்னா சிரிப்பு? நான் இல்லியா மாமன்?" என்றவர், தன் பச்சைத் துண்டை உதறி என் தோளில் போட்டார். "அழுவாத மருமவளே. புளி தூசி, தும்மல் வரும், அவ்ளோதான்."

கூட்டம் கைதட்டியது. அவர் மூட்டை ஏற்றப் போய்விட்டார்.

விடுதியில் துண்டைக் காட்ட எனக்கு ஆளில்லை. பெட்டியில் மடித்து வைத்தேன். என் கல்யாணத்தில் மாமன் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அந்தத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

இப்போது மறுபடியும் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால் மாமன் இல்லை என்று யாரிடமும் சொன்னதில்லை.

அந்த விழாவுக்கு வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அது எந்த வருஷம், அவர் பெயர் என்ன என்று சரிபார்த்துச் சொல்லுங்கள்.