குண்டூசி குத்திய பக்கம்

அன்று வீட்டில் இருந்தது நான், என் வீட்டுக்காரர், ஐந்தாம் வகுப்புப் படித்த மகள், கொட்டகையில் ஒரு பசு. அவ்வளவுதான். சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசிக் கடைசியில் வந்த புயல். பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர். அவருக்குத் தென்னை ஏறித் தேங்காய் பறிக்கிற வேலை.

புயலுக்கு ஒரு வாரம் முன்புதான், புயல் எப்படி உருவாகிறது என்று விளக்குகிற புத்தகம் ஒன்றை மகள் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டுவந்திருந்தாள். சாயங்காலம் அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். நான் ஆறாவதோடு நின்றவள்; எனக்கும் நாலு விஷயம் தெரியட்டுமே என்றுதான். நடுவில் ஒரு பக்கத்தில் கூரை பறந்த வீடுகளின் படம். அந்தப் பக்கத்தையும் அடுத்ததையும் சேர்த்துக் குண்டூசி குத்தி, “இதெல்லாம் பெரிய கிளாஸ் போனப்புறம் படிச்சுக்கலாம்” என்றேன். பிள்ளை பயப்படுவாள் என்று சொல்லிக்கொண்டேன். பயந்தது நான்.

புயலன்று இரவெல்லாம் வடக்கேயிருந்து அடித்த காற்று விடியும்போது சட்டென்று நின்றது. ஒரு கீற்றுகூட அசையவில்லை.

“முடிஞ்சிருச்சாம்மா?” என்றாள் மகள்.

“முடிஞ்சிருச்சுடா” என்றேன்.

சரிந்த கொட்டகைக்குள் பசு கத்திக்கொண்டிருந்தது. “ஏய் பயந்தாங்கொள்ளி, புயலு டீ குடிக்கப் போயிருச்சு. மாட்ட அவுத்துட்டு வந்துடுறேன்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தபடி அவர் இறங்கினார். கடைக்குக் கிளம்பினால்கூடப் பத்துத் தடவை ‘பாத்துப் போங்க’ என்கிற நான், அன்று மட்டும் வாயைத் திறக்கவில்லை.

கீற்றை விலக்கி அவர் கயிற்றை அவிழ்ப்பதற்குள் தெற்கேயிருந்து காற்று வந்தது. வாசல் தென்னை அவர் காலில் விழுந்தது.

காலில் கம்பி வைத்து வீட்டுக்கு அழைத்துவந்த பிறகு, நனைந்த புத்தகத்தை மகள் வெயிலில் காயவைத்தாள். துருப்பிடித்த குண்டூசியை உருவிவிட்டுச் சத்தமாக வாசித்தாள். புயலின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று நின்றுவிடும், முடிந்தது என்று யாரும் வெளியே வரக்கூடாது, எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அடிக்கும் என்று போட்டிருந்தது.

“ஏம்மா இதக் குத்தி வச்ச?”

கட்டிலில் படுத்திருந்தவர், “இன்னொரு வாட்டி படிம்மா” என்றார். படித்தாள். அவர் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப்பின் மரமும் ஏறியதில்லை.

இப்போது மகள் எந்தப் புத்தகம் கொண்டுவந்தாலும் ஒரு பக்கம் விடாமல் வாசிக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பயந்துகொண்டேதான் கேட்கிறேன். புயலில் நனைந்த புத்தகத்துக்குப் பணம் வேண்டாம் என்று பள்ளியில் டீச்சர் அப்போதே சொல்லிவிட்டார். குண்டூசி குத்தியதை நான் டீச்சரிடம் சொல்லவில்லை. பின்னட்டையில் போட்டிருந்த விலை தொண்ணூறு ரூபாய். யாரும் கேட்காத அந்தத் தொண்ணூறு ரூபாய் இன்னும் என் பாக்கிதான்.