குரலற்றவர்கள் என்று சொன்னேன்

மலேசியாவின் ஜோகூர் பாருவில் சனிக்கிழமைதோறும் சமூக நீதியும் பண்பாட்டு ஆய்வும் கற்பித்த நாட்களை நினைத்தால் அந்த மாணவிதான் முதலில் கண்முன் வருகிறார். நாற்பது வயதிருக்கும். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து, சீருடையோடு நேராக வகுப்புக்கு வருவார். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்று பின்சுவரில் சாய்ந்து, நின்றபடியே குறிப்பெடுப்பார்.

ஒருநாள், ரப்பர் தோட்டங்கள் விற்கப்பட்டபோது அங்கிருந்து வெளியேற்றப்பட்ட தமிழர்களைப் பற்றிப் பேசும்போது அவர்களைக் ‘குரலற்றவர்கள்’ என்று சொன்னேன். வகுப்பு மலாய் மொழியில் நடந்தது. முடிந்ததும் அவர் என்னிடம் வந்து தமிழில் பேசினார்.

“சார், நாங்க செடெனாக் பக்கம் ஒரு தோட்டத்துல இருந்தோம். வீட்ட உடைக்க வந்தப்போ எங்கம்மா லோரிய மறிச்சு மூணு நாள் கத்துனாங்க. தொண்டையே போயிருச்சு.”

“யார் காதிலயும் விழலையா?”

“ஏன் விழல? மானேஜருக்குக் கேட்டுச்சு, லோரி டிரைவருக்குக் கேட்டுச்சு. எல்லாருக்கும் நல்லாவே கேட்டுச்சு லா. அப்புறம் எப்படி சார் குரல் இல்லன்னு சொல்றீங்க?”

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. அதை அவரிடம் சொல்லத் துணிவில்லாமல், “நீங்க சொல்றது சரிதான்” என்று முணுமுணுத்தேன். அவர் சிரித்துவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அடுத்த பருவத்தில் அவர் வரவில்லை. சிங்கப்பூரில் வேலை கிடைத்துவிட்டதாக உடன் படித்தவர்கள் சொன்னார்கள். எனக்கு மனம் ஆறவில்லை. அந்த மூன்று நாளும் அவருடைய அம்மா என்ன சொல்லிக் கத்தினார்? தோட்ட மக்களைப் பற்றியே பத்தாண்டுகள் படித்த எனக்கு, அன்று அதைக் கேட்கத் தோன்றவேயில்லை.