ஐந்தாவது தாள்

என் மேசை இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. மேலே தலைப்பு வரி மட்டும்: வண்டி எண், ஓட்டுநர், பெயர், ஏறும் இடம், குறிப்பு. அதன் கீழே ஒன்றுமில்லை. மூலையில் ‘பக்கம் 5’ என்று இருக்கிறது. குப்பைக்குப் போக வேண்டிய தாள்தான். போன மாதம் பழைய பிரிண்டர் மேசையை நகர்த்தியபோது சுவரோரம் சிக்கிக் கிடந்தது. அதைப் பெற்றுக்கொள்ள வேண்டியவர் இறந்து அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மலேசியாவில், செனாயில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் அவரை எல்லோரும் வேன் அக்கா என்போம். செடெனாக், கோத்தா திங்கி என்று பல பக்கமிருந்தும் வருகிறவர்களுக்கு வேன் பட்டியல் போடுவது அவர் வேலை. தினமும் மூன்று மணிக்கு அதை அச்சிட்டு வாசல் காவலரிடம் கொடுப்பார். பெயர்கள் மூன்று பக்கத்தில் முடிந்துவிடும். பிரிண்டர் மட்டும் நிற்காது. தலைப்பு வரியைச் சுமந்துகொண்டு இன்னும் இரண்டு வெற்றுத் தாள் வரும். அவை வரும்வரை அக்கா பக்கத்திலேயே நிற்பார். பிறகு அவற்றின் பின்பக்கத்தில் வீட்டுச் சாமான் பட்டியல் எழுதிக்கொள்வார். கம்பெனித் தாளில் குடும்பம் நடத்துகிறார் என்று நாங்கள் கேலி செய்வோம். அக்காவும் சேர்ந்து சிரிப்பார்.

கணினி தெரிந்தவள் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயருக்கு ஏற்ற திமிரும் இருந்தது. அக்கா விடுப்பில் இருந்த ஒரு நாள் பட்டியலை நான் அச்சிட்டேன். மேலாளர் வெற்றுத் தாள்களைத் தூக்கிக் காட்டி, இதைச் சரிசெய்ய ஒருவருக்கும் தெரியாதா என்று கேட்டார். எனக்கு அது போதும். கடைசிப் பெயருக்குக் கீழே இருந்த வரிகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன், சேமித்தேன், மறுபடி அச்சிட்டேன். மூன்றே பக்கம். கீழே என்ன இருக்கிறது என்று ஒரு முறை பார்க்கக்கூட இல்லை.

மறுநாள் மூன்றாவது தாளோடு பிரிண்டர் நின்றது. அக்கா நின்றுகொண்டே இருந்தார்.

“ஏன்மா, இன்னும் ரெண்டு தாளு வரலையே?”

“சரி பண்ணிட்டேன்க்கா. இனிமே வராது,” என்றேன். நன்றி சொல்வார் என்று காத்திருந்தேன்.

அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்து கீழே கீழே என்று உருட்டிக்கொண்டே போனார். இருநூறாவது வரியைத் தாண்டிய பிறகு கை நின்றுவிட்டது. திரையைப் பார்த்தபடியேதான் சொன்னார். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பு கோத்தா திங்கி வேனை ஓட்டியவர் அவருடைய கணவர். ஒரு மழை நாளில் நனைந்தபடி அலுவலகத்துக்கு வந்தவர், அக்கா தேநீர் எடுக்கப் போயிருந்ததால், தானே ஒற்றை விரலால் தன் பெயர் வரியின் குறிப்புக் கட்டத்தில் தட்டியிருக்கிறார்: ‘ஹுஜான். லம்பாட் சிக்கிட்.’ மழை, கொஞ்சம் தாமதமாகும் என்று மலாயில். அன்று மாலை வழியில் நெஞ்சுவலி வந்தது. வேனை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, அப்படியே சாய்ந்துவிட்டாராம். ஏறியிருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை.

“புது டிரைவர் வந்ததும் அவரு வரிய அழிக்கச் சொன்னாங்க. கை வரலமா. அதான் யாரு கண்ணுலயும் படாம கீழ கொண்டு போயி, எழுத்த வெள்ளையாக்கி வச்சேன்.”

அந்த வரி அங்கே இருந்ததால்தான் பிரிண்டர் அதுவரை போய்வந்துகொண்டிருந்தது. அக்காவுக்கு அது தெரியும்.

அப்போது நான் சொன்னதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. “அதுக்கென்னக்கா, திரும்ப டைப் பண்ணிக்கலாம்.”

“நான் தட்டுனா அது நான் தட்டுனதுதானமா,” என்றார். பிறகு, “பரவால்ல லா, நீ வேணும்னேவா செஞ்ச?” என்று சொல்லிவிட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு காவலரிடம் போனார்.

கணினிப் பிரிவில் பழைய கோப்புகளின் நகல் வைத்திருப்பார்கள் என்று எனக்கு அன்றே தெரியும். கேட்கப் போனால் நான் செய்ததைச் சொல்ல வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு மாதம் ஓட்டிவிட்டேன். கடைசியில் போய்க் கேட்டபோது அங்கிருந்தவர், “ஒரு வாரத்துக்குள்ள சொல்லியிருந்தா எடுத்துக் கொடுத்திருப்பேனே,” என்றார். கேட்கப் போனதையும் அக்காவிடம் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அவர் எப்போதும்போல நாசி லெமாக் சோறு வாங்கினால் எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். ஆனால் பிரிண்டர் பக்கத்தில் அதன் பிறகு நின்றதில்லை. கணினியில் ஒரு சந்தேகம் என்று என்னைக் கூப்பிட்டதும் இல்லை. அக்காவின் சாவு வீட்டில் அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா உங்களப் பத்தி நிறையச் சொல்லுவாங்க என்றாள். என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நேற்று எல்லோரும் வேன் ஏறப் போன பிறகு அந்தத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெள்ளை எழுத்துக்குப் பிரிண்டர் மை போடாது. எனக்குத் தெரியாததா? ஆனாலும் ‘குறிப்பு’ என்ற கட்டத்துக்கு நேர் கீழே, பாதித் தாளைத் தாண்டி, அந்த வரி இருந்திருக்கக்கூடிய இடத்தில் விரலை வைத்தேன். வெளியே தூறத் தொடங்கியிருந்தது.

“மன்னிச்சிருங்கக்கா,” என்றேன். “லேட்டாயிருச்சு.”